மொட்டைமாடிப் பட்டாணியில் ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு: எதைத் தாயாக வைப்பது?

உருண்டை விதைப் பட்டாணியையும் சுருங்கும் விதைப் பட்டாணியையும் கலந்தால் முதல் தலைமுறையில் தெரிவது ஓங்கு பண்பு, மறைந்திருப்பது ஒடுங்கு பண்பு. இதை வீட்டிலேயே பார்க்கலாம். மகரந்தம் வாங்கி விதை தாங்கும் செடிதான் தாய். பெங்களூரில் பட்டாணி குளிருக்குத்தான் ஒழுங்காகக் காய்க்கும். ஆகவே இந்தச் சோதனைக்கு இரண்டு குளிர்காலம் வேண்டும். அல்சூர் வீட்டு மொட்டைமாடியில் ஒருமுறை தவறவிட்ட பிறகு எனக்குப் பலித்த வழி இது.

விதை இரண்டு வகை. காய்ந்தால் சுருங்கும் ஆர்க்கெல் ஒன்று. சுண்டலுக்கு வாங்கும் உருண்டையான முழு வெள்ளைப் பட்டாணி இன்னொன்று. அக்டோபர் கடைசியில் வெள்ளைப் பட்டாணி, பத்து நாள் கழித்து ஆர்க்கெல். ஆர்க்கெல் முந்திப் பூத்துவிடும். மண், உரம், பந்தல் உங்கள் வழக்கப்படி.

பட்டாணிப் பூ விரிவதற்கு முன்பே தன் மகரந்தத்தால் தானே சூல் கொண்டுவிடும். முதல்முறை நான் விரிந்த பூவில் தூள் தடவினேன். அதுவும் வெள்ளைப் பட்டாணியைத் தாயாக வைத்து. உருண்டை விதைகள் வந்ததும் கலப்பு பலித்தது என்று நம்பிவிட்டேன். அடுத்த குளிரில் அவற்றின் நெற்றில் ஒரு விதைகூடச் சுருங்கவில்லை. கலப்பே நடக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

எனவே ஒடுங்கு பண்புள்ள ஆர்க்கெலைத் தாயாக வையுங்கள். தவறினால் விதை சுருங்கியே வரும். முதல் நெற்றிலேயே குட்டு உடைந்துவிடும்.

ஆர்க்கெலில் இதழ் நுனி மட்டும் எட்டிப்பார்க்கும் மொட்டைத் தேர்ந்தெடுங்கள். படகு போல மடிந்த அடி இதழைக் கீறி, பத்து மகரந்தத் தாள்களையும் பிடுங்குங்கள். தூள் கொட்டினால் அந்த மொட்டு வேண்டாம். எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சால்டரிங் வேலைக்கு விற்கும் கூர்முனைச் சாமணம்தான் இதற்குச் சரி. பிரஷ்ஷை நான் தொடுவதில்லை. அன்று விரிந்த வெள்ளைப் பட்டாணிப் பூவின் சூல்தண்டில் தூள் அப்பியிருக்கும். அதையே கிள்ளி எடுத்து ஆர்க்கெல் மொட்டின் சூல்முடியில் (சூல்தண்டின் நுனி) தடவி, காம்பில் நூல் கட்டுங்கள்.

அந்த நெற்றில் எல்லாமே உருண்டையாக இருக்கும். விதை என்பதே அடுத்த தலைமுறை; பூ நிறம் என்றால் அது செடியாகும்வரை காத்திருக்க வேண்டும். சுருங்கும் விதையில் மாவுச்சத்து உருவாக்கும் நொதி ஒன்று பழுது. சர்க்கரை தேங்கி நீரை இழுக்கும். காயும்போது தோல் சுருங்கும். பழுதில்லாத மரபணு ஒன்று இருந்தாலே வேலை நடந்துவிடும், அதனால்தான் உருண்டை ஓங்கு பண்பு.

அடுத்த குளிரில் அந்த விதைகளை நட்டு, பூக்களைத் தொடாமல் விடுங்கள். ஒரே நெற்றுக்குள் உருண்டையும் சுருங்கியதும் கலந்து கிடக்கும். ஒரு நெற்றில் மூன்றுக்கு மூன்றுகூட வரலாம். எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுங்கள். பட்டாணியை வைத்தே மரபு விதிகளைக் கண்ட மெண்டல் 1866இல் வெளியிட்ட கணக்கு 5,474 உருண்டை, 1,850 சுருங்கியது; ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று.

பின்சேர்க்கை: மும்பை வாசகர் ஒருவர் இரண்டாம் தலைமுறையிலும் எல்லாம் உருண்டை என்று எழுதினார். பச்சையாகவே உரித்திருக்கிறார். பச்சையில் இரண்டும் உருண்டைதான். நெற்று செடியிலேயே காய்ந்து சலசலக்கும்வரை விட்டுவிட்டு உரியுங்கள்.