பேலட்ல பைடன் பேரையே காணோம் – கலிஃபோர்னியா பிரைமரி, என் அனுபவம்

2024 மார்ச் 5 பிரைமரிக்கு (பொதுத் தேர்தலுக்கு முந்தின முதல்கட்ட தேர்தல்) தபால்ல வந்த பேலட்ல, அதாவது ஓட்டுச் சீட்டுல, பைடன் பேரும் இல்ல, ட்ரம்ப் பேரும் இல்ல. செனட், காங்கிரஸ் பகுதியெல்லாம் வீட்டுக்காரர் பேலட்ல இருந்த மாதிரியேதான் இருந்துச்சு, ஏன்னா இங்க அதுக்கு எல்லாருக்கும் ஒரே லிஸ்ட், ஜனாதிபதி பகுதிதான் நாம எந்தக் கட்சில பதிவு பண்ணிருக்கோமோ அதுக்கு ஏத்த மாதிரி மாறும்.

அச்சுப் பிழைன்னு நினைச்சு நாலு நாள் போச்சு. அப்புறம் ஃப்ரெண்ட் ஒருத்தி, கட்சி சாராதவங்க கேட்டா டெமாக்ரடிக் (பைடன் கட்சி) பேலட் தருவாங்கன்னு சொன்னா, கவுன்ட்டி தேர்தல் ஆபீஸுக்கு போன் பண்ணினேன், நீங்க ஏற்கனவே ஒரு கட்சில இருக்கீங்களேன்னுட்டாங்க.

ஓட்டர் ஸ்டேட்டஸ் தளத்துல பாத்தப்பதான் புரிஞ்சுது. பதிவு பண்றப்ப 'இன்டிபென்டென்ட்'ங்கற வார்த்தைய பாத்து டிக் அடிச்சிருக்கேன், ஆனா 'அமெரிக்கன் இன்டிபென்டென்ட்' தனி கட்சி. கட்சி வேணாம்னா 'நோ பார்ட்டி ப்ரிஃபரன்ஸ்'னு இருக்கறதத்தான் எடுக்கணும். பேலட் தலைப்புலயே கட்சி பேர் இருந்துச்சு, நான் கவனிக்கல.

பதிவுக் கெடு பிப்ரவரி 20 தாண்டிடுச்சு, ஆனாலும் வழி இருக்கு. தொடாத பேலட்ட கவரோட எடுத்துட்டு ஓட்டு சென்டர் போனேன், கட்சி மாத்தற ஃபாரம் ஒண்ணு எழுதிக் கொடுத்தேன், பழசை வாங்கிக்கிட்டு அங்கேயே புது பேலட் கொடுத்தாங்க. நிம்மதி.

ரிபப்ளிகன் (ட்ரம்ப் கட்சி) பேலட் வேணும்னா அந்தக் கட்சி பேர்லயே பதிவு இருக்கணும், கட்சி சாராதவங்க கேட்டா தர்றது கிடையாது.