கம்ப்யூட்டர் எதிரிக்குக் கடல் கடக்கக் கற்றுக்கொடுப்போம்

ஆளுக்கொரு முறை மாறி மாறி ஆடும் சுற்றுமுறைப் போர் விளையாட்டுகளில் தரையில் நம்மைத் திணறடிக்கும் கம்ப்யூட்டர், நடுவில் கடல் வந்துவிட்டால் தடுமாறும். படை கரையிலேயே குவிந்து கிடக்கும். கப்பல்கள் ஒவ்வொன்றாக வந்து மூழ்கும். ஒவ்வொரு கப்பலும் தன் போக்கில் முடிவெடுப்பதுதான் காரணம். படையெடுப்போ பல கப்பல்கள் சேர்ந்து பல சுற்றுகள் செய்யும் ஒரே வேலை. 2010-இல் வந்த சிவிலைசேஷன் 5 என்ற விளையாட்டு, தரைப்படை தானே கடலில் இறங்கிப் போகலாம் என்று விதியை மாற்றியது. ஏற்றி இறக்கும் சிக்கல் போனது. வழியில் அடிபடும் ஆபத்து போகவில்லை. நீங்கள் எழுதும் விளையாட்டில் கம்ப்யூட்டருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க நான்கு படிகள் இதோ.

படி 1: கடல்களுக்கு எண்

வரைபடம் கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கும். ஒரு நீர்க்கட்டத்தில் தொடங்கி, அதை ஒட்டிய நீர்க்கட்டங்களுக்கெல்லாம் 1 என்று போட்டுக்கொண்டே போங்கள். இதோடு சேராமல் விடுபட்ட நீரில் 2. துறைமுகம் எந்த எண்ணைத் தொடுகிறது, எதிரியின் கரையும் அதே எண்ணைத் தொடுகிறதா என்று பார்த்த பிறகே கப்பல் கட்டட்டும். இல்லாவிட்டால் ஐந்து கட்ட ஏரிக்குள் போர்க்கப்பல் கட்டி வைத்திருக்கும்.

படி 2: ஆபத்து வரைபடம்

எந்தக் கட்டத்தில் எவ்வளவு அடி விழலாம் என்று காட்டும் வரைபடம் இது. இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். எதிரிக் கப்பல் ஒரு சுற்றில் 4 கட்டம் நகரும், 2 கட்டம் தள்ளிச் சுடும் என்று வையுங்கள். அது நீர்வழியே போய்ச் சேரக்கூடிய கட்டங்களைக் கண்டுபிடித்து, அவை ஒவ்வொன்றையும் சுற்றி 2 கட்டம் வரை அதன் தாக்குதல் மதிப்பைப் போடுங்கள். ஒரு கப்பல் ஒரு கட்டத்தில் ஒரு தடவைதான் கணக்கில் வர வேண்டும். தாக்குதல் 8 உள்ள இரண்டு கப்பல்களின் எல்லையும் சேரும் இடத்தில் 16 வரும். 10 உயிர்ப்புள்ளி உள்ள நம் படகு 8-இல் பிழைக்கும், 16-இல் மூழ்கும். அப்புறம் பாதை தேடும்போது ஆபத்தையும் தூரத்தோடு கூட்டிவிடுங்கள். படகு தானாகவே சுற்றுவழியில் போகும்.

படி 3: ஒரே திட்டம்

முதலில் இறங்கும் கரையைத் தேர்ந்தெடுங்கள்: இலக்கு நகரத்துக்குப் பக்கம், ஆனால் அதன் சுடும் எல்லைக்கு வெளியே. அங்கிருந்து பின்னோக்கி எத்தனை படகு, காவலுக்கு எவ்வளவு துணைக்கப்பல் வேண்டும் என்று கணக்கிடுங்கள். திட்டத்துக்கு நான்கு நிலைகள்: கூடு (படை ஓரிடத்தில் சேர்வது), ஏறு, பயணம், இறங்கு. கடைசிப் படை ஏறும்வரை முதல் படகு புறப்படக் கூடாது. பயணத்தில் மிக மெதுவான கப்பலின் வேகமே எல்லோருக்கும். இறங்குவதும் ஒரே சுற்றில். இரண்டு சுற்றாகப் பிரிந்தால் முதலில் இறங்கியவர்கள் தனியாக மாட்டிக்கொள்வார்கள்.

படி 4: திரும்புவது எப்போது?

ஒவ்வொரு சுற்றிலும் ஆபத்து வரைபடத்தைப் புதிதாகப் போட்டு, வழியில் தாக்கக்கூடிய எதிரிகளின் பலத்தோடு நம் துணைக்கப்பல்களின் பலத்தை ஒப்பிடுங்கள். புறப்படவும் திரும்பவும் ஒரே அளவுகோல் வைத்தால் படை கடலில் முன்னும் பின்னும் அலையும். எதிரியைவிட ஒன்றரை மடங்கு பலம் இருந்தால் புறப்படட்டும்; சமபலத்துக்குக் கீழே போனால் மட்டும் திரும்பட்டும். கரைக்கு ஒரு சுற்றுத் தூரம்தான் பாக்கி என்றால் திரும்பவே வேண்டாம், இறங்குவதே பாதுகாப்பு.

சரி, இரண்டு தீவு, பக்கத்துக்கு இரண்டு கப்பல் என்று ஒரு சின்ன வரைபடத்தில் ஓட்டிப் பாருங்கள். சுற்றுக்கு ஒரு வரியாகத் திட்டத்தின் நிலையைப் பதிவு செய்யுங்கள். "கூடு" என்பதே இருபது சுற்று வந்தால், எந்தப் படை வந்து சேரவில்லை என்று தேடுங்கள்.