ஏசி படுத்துவிட்டதா? புழுக்க ராத்திரியில் தூங்கும் வழி

கத்திரி வெயில் நேரம் பார்த்துத்தான் ஏசி படுத்துக்கொள்ளும், மெக்கானிக்கும் அப்போதுதான் போனை எடுக்க மாட்டார். சென்னை மாதிரி கடலோர ஊரில், மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மதுரை, வேலூர் பக்கத்து ஆட்களுக்கு ஓரிடத்தில் மாறும், அங்கே சொல்கிறேன்.

1. ஏசி நிஜமாகவே போய்விட்டதா?

ரிமோட்டைப் பாருங்கள். ஃபேன் மோடில் இருந்தால் வெறும் காற்றுதான் வரும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் முதல் சந்தேகமே இதுதான். அப்புறம் ஸ்டெபிலைசர் லோ வோல்டேஜ் காட்டுகிறதா என்று பாருங்கள், தெருவே ஏசி போடும் பத்து மணிக்கு இது சகஜம். முன்மூடியைத் தூக்கி ஃபில்டரைக் கழற்றுங்கள். பின்னால் காயிலில் பனி படிந்திருந்தால், ஃபேன் மோடில் ஓரிரு மணி நேரம் ஓடவிட்டுப் பனியை உருக்கி, ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டிப் பாருங்கள், சில சமயம் அதிலேயே சரியாகிவிடும். எம்சிபி (மின்கோளாறு என்றால் தானாக அணையும் பாதுகாப்பு சுவிட்ச்) திரும்பத் திரும்ப விழுந்தால் மட்டும் கை வைக்காதீர்கள்.

2. மாடியில் தண்ணீர்

ஸ்டூல் போட்டு ஏறிச் சீலிங்கைத் தொட்டுப் பாருங்கள், ராத்திரியிலும் வெதுவெதுவென்று இருக்கும். பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட் மெதுவாகத்தான் கீழே இறக்கும். பொழுது சாய்ந்ததும் மாடியில் தண்ணீர் தெளியுங்கள். முதல் வாளி சட்டென்று உலர்ந்துவிடும், அனல் முகத்தில் அடிக்கும். கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு முறை. கோடையில் நல்ல தண்ணீரை ஊற்ற மனசு வராது, ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைப் பிடித்து வைத்தால் போதும்.

ஃபேன் முன்னால் ஐஸ் கிண்ணம் வைக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது இழுக்கும் சூட்டை, 1 டன் ஏசி ஒன்றரை நிமிடத்தில் இழுத்துவிடும். அதே ஒரு லிட்டர் தண்ணீர் மாடியில் ஆவியானால் ஐஸைப் போல ஏழு மடங்கு சூடு போகும். தவிர, அந்த ஐஸை உறையவைக்க ஃப்ரிட்ஜ் வீட்டுக்குள்ளேதான் சூட்டைக் கக்கியிருக்கும்.

3. டேபிள் ஃபேனைத் திருப்புங்கள்

மேல்மாடியில் சீலிங் ஃபேன் கூரைச் சூட்டைத்தான் உங்கள் தலையில் இறக்கும். வெளியே வீட்டைவிடக் குளிர்ந்ததும் (வாசலில் நின்றாலே தெரியும்) ஒரு ஜன்னலில் டேபிள் ஃபேனை வெளியே பார்த்து வைத்து, எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து விடுங்கள். உள்ளே தேங்கிய வெக்கை வெளியேறும், வெளிக்காற்று தானாக உள்ளே வரும். கொசுவலை அடித்த ஜன்னலைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் தூக்கம் வேறு வழியில் கெடும். அரை மணி கழித்து ஃபேனை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளலாம்.

ஈரப் போர்வையைத் தொங்கவிடும் வித்தை மதுரையின் வறண்ட காற்றுக்கு நன்றாக வேலை செய்யும். சென்னையில் செய்தால் அறை இன்னும் நசநசக்கும், வியர்வை உலராது.

4. படுக்கையும் உடம்பும்

ஃபோம் மெத்தை உடம்புச் சூட்டை அப்படியே திருப்பித் தரும். தரையில் கோரைப் பாய், மேலே பழைய பருத்தி வேட்டி, அவ்வளவுதான். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் குளித்துவிடுங்கள், ஆனால் ஐஸ் தண்ணீரில் வேண்டாம்: தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி உள்சூடு வெளியேறாமல் நின்றுவிடும். ஈரத்தை முழுக்கத் துடைக்காமல் ஃபேனுக்கு முன்னால் உட்கார்ந்தால் சுகமாக இருக்கும்.

வீட்டில் வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், ஏசி உள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். யாராவது உடம்பு கொதிக்க, பேச்சுக் குழறிப் பிதற்றினால் அது வெறும் புழுக்கமில்லை, உடனே 108.

5. காலையில்

வெயில் ஏறுவதற்குள் ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிடுங்கள். மெக்கானிக்குக் காலையிலேயே போன் போடுங்கள். “இதோ கிளம்பிட்டேன் சார்” என்றால் எப்படியும் சாயங்காலம் ஆகும், மாடிக்குத் தண்ணீர் பிடித்து வைத்துவிடுங்கள்.