நீளக் குழல் ரிவால்வரா? கட்டைவிரலைக் கவனியுங்கள்

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2003-இல் கொண்டுவந்த மாடல் 500 போன்ற பெரிய ரிவால்வரை, துப்பாக்கி சுடும் பயிற்சி ரேஞ்சில் முதல்முறை கையில் எடுப்பவர்களுக்கு இது. 8 அங்குலத்துக்கு மேல் குழல், ஏறக்குறைய 2 கிலோ எடை. பாரம் முழுக்க முன்பக்கம் இழுக்கும்.

வலது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள வளைவு, சுத்தியலை (தோட்டாவை வெடிக்க வைக்கப் பின்னால் இருந்து அடிக்கும் பாகம்) தடுக்காத அளவுக்குப் பிடியின் மேலே ஏறி உட்கார வேண்டும். கை கீழே இறங்கினால் குழல் இன்னும் உயரத் துள்ளும். இடது கை, பிடியைப் பற்றியிருக்கும் வலது கை விரல்களைச் சுற்றி நன்றாக இறுக்கட்டும்.

இடது கட்டைவிரலை மட்டும் முன்னால் நீட்டாதீர்கள். பிஸ்டலில் பழகியவர்கள் பழக்கதோஷத்தில் நீட்டிவிடுவார்கள். தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளையான சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி உண்டு. சுடும்போது கொதிக்கும் வாயு அதன் வழியே பக்கவாட்டில் பீறிடும்; இந்த ரகத்தில் அது விரலையே கிழித்துவிடும். இரண்டு கட்டைவிரல்களையும் சிலிண்டருக்குப் பின்னாலேயே கீழ்நோக்கி மடக்கி வையுங்கள்.

கால்கள் தோள் அகலத்தில், இடது கால் சற்று முன்னே, உடம்பு லேசாக முன்சாய்ந்து. முழங்கை கொஞ்சம் மடங்கலாம், தொளதொளக்கக் கூடாது; துப்பாக்கி நெற்றிக்கு வந்துவிடும். கை நடுங்கத் தொடங்கினால் பிடிவாதமாகச் சுடாமல், விசையிலிருந்து விரலை எடுத்து, குழல் இலக்குப் பக்கமே பார்க்க இறக்கி ஓய்வெடுங்கள்.

அப்புறம், முதல் சில தடவை ஒரே ஒரு தோட்டா நிரப்பினால் போதும். துள்ளும் வேகத்தில் கை தானாக இறுகி, விசையை மறுபடி இழுத்துவிடுவது உண்டு. அந்த நேரம் குழல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.