அடுக்குமாடி வீட்டில் வைஃபை அமைக்கும்போது

வேளச்சேரி, அண்ணா நகர் போன்ற பகுதிகளின் நெருக்கமான அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பல கணினிகளுக்கு வைஃபை அமைப்போர், இணைய ஒயர் நுழையும் மூலையிலேயே ரவுட்டரை விட்டுவிடாமல், வீட்டின் நடுப்பகுதியில் சற்று உயரமாகப் பொருத்துவது நல்லது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவர்களை ஓரளவு கடந்து செல்லும் என்றாலும், அக்கம்பக்கத்து ரவுட்டர்களும் அதையே பயன்படுத்துவதால், அந்த அலைவரிசையின் உட்பிரிவுகளான சேனல்களில், ஒன்றின் மேல் ஒன்று படியாத 1, 6, 11 ஆகியவற்றுள் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரவுட்டருக்கு அருகிலுள்ள மடிக்கணினிகளுக்கு 5 கிகாஹெர்ட்ஸே ஏற்றது. இடம் மாறாத மேசைக் கணினியை ஈதர்நெட் கேபிளில் இணைத்துவிடுங்கள். அதற்குப் போய் வைஃபையைப் பங்கு போடுவானேன்? பாதுகாப்புக்கு, வைஃபையில் செல்லும் தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மறைக்கும் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 முறையைத் தேர்ந்தெடுப்பதுடன், பலரும் மறந்துவிடுகிற, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைவதற்கான நிர்வாகக் கடவுச்சொல்லையும் அன்றே மாற்றிவிட வேண்டும்.