வெந்நீர் ஊற்றுக்குப் போகிறீர்களா? இந்தத் தப்பை மட்டும் செய்யாதீர்கள்

சோப்பு போடாதீர்கள், பாசி வழுக்கும் என்பதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வருஷா வருஷம் இமாச்சலத்துக்கு ஆட்களைக் கூட்டிப் போகிறேன். புதிதாக வருகிறவர்கள் நான் அன்று செய்த அதே கூத்தைச் செய்வதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

ஊறிக் கிடப்பது

பர்ஷைனி கிராமத்திலிருந்து கீர்கங்கா வெந்நீர் ஊற்றுக்கு நாலைந்து மணி நேர நடை. உயரம் 2,900 மீட்டருக்கு மேல். கார்த்திகேயன் தவமிருந்த இடம் என்பது அங்குள்ள ஐதீகம். நம்ம முருகன் மலை என்றதும் பாதிப் பேருக்குக் கால்வலி போய்விடும். குளிரில் விறைத்த உடம்போடு தொட்டியில் இறங்கினால் சுகமோ சுகம். "இன்னும் அஞ்சு நிமிஷம்ணா" என்பார்கள். அது முக்கால் மணி நேரமாகும்.

சூடு பட்டதும் தோலடியில் ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்கும். உட்கார்ந்திருக்கும் வரை சுற்றியுள்ள தண்ணீர் உடம்பை அழுத்திப் பிடித்திருப்பதால் தெரியாது. சட்டென்று எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்கி, தலை சுற்றும். அந்த உயரத்தில் கிடைக்கும் ஆக்சிஜனும் கடல் மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதம் அளவுதான். ஏறும்போது அவ்வளவு வியர்த்திருக்கும், ஆனால் குளிரில் தாகமே எடுக்காது.

முதல் தடவை நானே விழுந்தேன். துண்டை எடுக்கக் கை நீட்டியது வரைதான் ஞாபகம். கண் திறந்தபோது முட்டியில் ரத்தம். யாரோ ஒரு பெரியவர் இந்தியில் திட்டிக்கொண்டே என் இரண்டு காலையும் தூக்கிப் பிடித்திருந்தார். முட்டியோடு போயிற்று. மண்டை உடைந்திருந்தால்? மேலே வண்டி வராது, ஆள் தூக்கித்தான் இறக்க வேண்டும்.

இப்போது என் கணக்கு பத்து நிமிஷம். மெதுவாக எழுந்து, படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, வேண்டுமானால் மறுபடி இறங்கலாம். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊரிலேயே டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள். தொட்டிக்குள் காலை விட்டபிறகு என்னைக் கேட்டால் நான் என்ன சொல்ல?

மது குடித்துவிட்டு இறங்குவது

கூடவே கூடாது.

மணிகரணில் விரல் விடுவது

துணியில் அரிசியை முடிந்து ஊற்றில் போட்டுச் சோறாக்குகிற ஊர் அது. அங்குள்ள சீக்கியர் குருத்வாராவில் லங்கர் என்கிற அன்னதானச் சமையலுக்கும் அந்தச் சூடுதான். குளிப்பதற்குத் தனித் தொட்டி இருக்கிறது, அங்கே போங்கள்.

வெள்ளிக் கொலுசு

மணாலி பக்கத்து வசிஷ்ட் ஊற்றில் கந்தகம் உண்டு, வெள்ளி கறுத்துப் போகும். கழற்றச் சொல்ல மறந்ததற்கு வீட்டில் இன்னும் பேச்சு வாங்குகிறேன். அப்புறம் விபூதி போட்டு நான்தான் உட்கார்ந்து தேய்த்தேன்.