எடிட்டரில் மட்டும் ஓடாத டெஸ்ட்: என் அனுபவம்

நிரல் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் டெஸ்டுகளுக்கான ஜாவா கருவி ஜேயூனிட். 2017இல் வந்த ஜேயூனிட் 5, டெஸ்ட் எழுதும் முறையையும் அதை ஓட்டும் பிளாட்ஃபார்மையும் தனித்தனியாகப் பிரித்தது. அந்த பிளாட்ஃபார்ம் மேல் எங்கள் டீமுக்காக ஒரு டெஸ்ட் எஞ்சின் (டெஸ்டுகளைக் கண்டுபிடித்து ஓட்டும் பகுதி) எழுதினேன்.

கிரேடில் என்ற பில்ட் கருவியில் (நிரலைத் தொகுத்து டெஸ்டுகளையும் ஓட்டுவது) எல்லாம் சரியாக ஓடியது. எடிட்டரிலும் மொத்தமாக ஓட்டினால் பிரச்சினை இல்லை. தோற்ற ஒரு டெஸ்டை மட்டும் மறுபடி ஓட்டினால்தான் "டெஸ்ட் எதுவும் இல்லை" என்று வந்தது. அதன் பெயரை இரட்டை கிளிக் செய்தாலும் அதன் நிரல் திறக்கவில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

அப்புறம், எஞ்சினுக்கு வரும் கோரிக்கையை அப்படியே அச்சிட்டுப் பார்த்தேன். பில்ட் கருவி அனுப்புவது கிளாஸ் செலக்டர், அதாவது 'இந்த கிளாஸில் உள்ள டெஸ்டுகளை ஓட்டு' என்பது. எடிட்டர் மறு ஓட்டத்துக்கு அனுப்புவதோ யூனிக் ஐடி செலக்டர், அதாவது 'இந்த ஐடி உள்ள டெஸ்டை ஓட்டு' என்பது. நான் முதலாவதை மட்டுமே கையாண்டிருந்தேன்.

இரண்டாவதையும் சேர்த்தேன். அப்போதும் சில சமயம் வேறு டெஸ்ட் ஓடியது! ஐடியில் நான் வைத்திருந்தது, டெஸ்ட் மெத்தட் கிளாஸில் எத்தனையாவது என்ற வரிசை எண். ரிஃப்ளெக்‌ஷன் (ஒரு கிளாஸில் என்னென்ன இருக்கிறது என்று ஓடும்போதே கேட்டறியும் வசதி) மெத்தடுகளை எப்போதும் ஒரே வரிசையில் தரும் என்ற உத்தரவாதம் ஜாவாவில் கிடையாது. எண்ணை எடுத்துவிட்டு மெத்தட் பெயரையே போட்டேன். ஒவ்வொரு டெஸ்டுக்கும் மெத்தட் சோர்ஸையும் (அது எந்த மெத்தடில் இருக்கிறது என்ற தகவல்) இணைத்தேன். இப்போது கிளிக் செய்தால் நேராக அந்த மெத்தட் திறக்கிறது. பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.